நெடுங்குளத்தில் நின்ற விமானம்

1951ஆம் வருஷம் மே மாதம் பதினான்காம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு, நெடுங்குளத்தில் ஒரு டக்கோட்டா விமானம் இறங்கியது.

குளத்தில் அப்போது தண்ணீர் இல்லை. மதுரையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்த விமானம் அது. வழியில் இடது எஞ்சினின் எண்ணெய் முழுதும் ஒழுகிப்போய்விட்டதால் கேப்டன் நம்பியார் அந்த எஞ்சினை நிறுத்திவிட்டார். நல்ல வெயில், நிறைந்த பாரம். ஒற்றை எஞ்சினில் விமானம் தாழ்ந்துகொண்டே வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் கீழே முக்கால் மைல் நீளத்துக்கு வெடித்துக் காய்ந்து கிடந்த குளம் அவர் கண்ணில் பட்டது. இறக்கிவிட்டார்.

பயணிகள் பதினோரு பேரில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. வால் சக்கரம் முறிந்தது. அடிவயிற்றுத் தகடு இரண்டு முழ நீளம் கிழிந்தது. நாகம்மையின் வெள்ளரித் தோட்டம் மொத்தமாகப் போயிற்று.

கோடையில் குளத்துக்குள் வெள்ளரி போட்டு வடசேரிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவள் நாகம்மை. விமானத்தின் அருகே முதலில் போய்ச் சேர்ந்தவளும் அவள்தான். கதவு திறந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நம்பியார் எட்டிப் பார்த்தார். உயிர் பிழைத்த நிம்மதியில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஓய், ரோடு அங்கினயில்லா கெடக்கு! காய்ப்புக்கு வந்த கொடியிலயா கொண்டு ஏத்துகது?" என்றாள் நாகம்மை.

பயணிகள் பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் போனார்கள். விமானத்தைப் பழுதுபார்க்க மறுநாள் திருவனந்தபுரத்திலிருந்து கம்பெனியின் எஞ்சினியர் யேசுதாசன் வந்தார்.

யேசுதாசன் மயிலாடிக்காரர். யுத்த காலத்தில் விமானப்படையில் தொழில் படித்து, பிறகு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். அவரோ இன்னொரு எஞ்சினியரோ சோதித்து லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடாமல் கம்பெனியின் எந்த விமானமும் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைவிட அவர் கடுமை. ஒரு தகட்டில் ஆணி இளகியிருந்தாலும் விமானத்தை நிறுத்திவிடுவார். பைலட்டுகள் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மனைவி லீலாபாய்க்கு நாகர்கோவிலில் பள்ளிக்கூட வேலை. அதனால் குடும்பம் நாகர்கோவிலிலேயே இருந்தது. யேசுதாசன் சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் திரும்புவார்.

அவரோடு மெக்கானிக் மரியஜானும் வந்திருந்தார். தேங்காய்ப்பட்டணத்துக்காரர். நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டார். இருவருமாக இடது எஞ்சினின் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே எங்கும் எண்ணெய். நடுவில், எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ் ஒன்று ஒரு விரல் நீளத்துக்கு வெடித்துப் பிளந்திருந்தது. யேசுதாசன் துணியால் அதைத் துடைத்தார். அச்சில் பொறித்த வருஷம் தெரிந்தது: 1943.

அவர் ஏணியில் நின்றபடியே அதை இன்னொரு தடவை படித்தார்.

அந்த வருஷத்து ஹோஸ்களில் ரப்பர் சரியில்லை, ஏப்ரல் முடிவதற்குள் எல்லாவற்றையும் மாற்றியே ஆகவேண்டும் என்று டில்லி விமானத் துறையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. மாற்றியாயிற்று என்று ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர் யேசுதாசன். அன்றைக்குச் சனிக்கிழமை. மகள் எலிசாவுக்குப் பிறந்தநாள்.

"மரியஜான், நீரு மாத்தியாச்சுன்னு சொன்னீரே?"

மரியஜான் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "வலது எஞ்சினுக்குள்ளத மாத்தினேன் சார். எடதுக்கு ஸ்டோர்ல சாமான் இல்ல. ஹோஸ் மாத்தியாச்சுன்னு சொல்லிட்டு, எடது பாக்கின்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க தோள்ல பையப் போட்டுட்டு, பஸ்ஸு போயிரும்னு..."

"பொறவு ஸ்டோருக்கு வந்திருக்குமே?"

"எட்டு நாள் கழிச்சு வந்தது. ஸ்டோர்க்காரன்ட்ட கேட்டேன். ரெண்டும் மாத்தியாச்சுன்னு புத்தகத்துல பெரிய சார் ஒப்பு போட்டிருக்காரு, உமக்கு என்னத்துக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டான். பூட்டு சார் ஒப்பு போட்டா அதுக்கு மேல யாரு என்ன சொல்லுவா?"

ஏணியில் ஏறிப் பார்த்திருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். யேசுதாசன் ஹோஸைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். முதல் வேலையாகத் திருவனந்தபுரத்துக்குத் தந்தி அடித்து, கம்பெனியின் இன்னொரு டக்கோட்டாவையும் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். அதில் இரண்டு ஹோஸும் புதியவையாக இருந்தன. ஒரு நாள் ஓட்டம் வீணாகிவிட்டது என்று முதலாளி பதில் தந்தியில் கத்தியிருந்தார். கூடவே இன்னொரு வரி: "விபத்து அறிக்கையில் பறவை மோதியது என்று எழுதவும்."

ஹோஸைக் கண்ட அன்று சாயங்காலமே நீர்ப்பாசன ஓவர்சியர் தாணுமாலயன் கடிதாசி ஒன்றோடு குளத்துக்குள் இறங்கி வந்தார். கூடவே, அந்தக் குளத்துத் தண்ணீரை நம்பியிருந்த விவசாயிகளின் தலைவர் கோலப்பன் பிள்ளையும் வந்தார்.

"ஜூன் ஒண்ணாம் தேதி பேச்சிப்பாறை அணையில ஷட்டர் தெறக்கும். மூணாம் தேதி வெள்ளம் இங்கின வந்திரும். அதுக்குள்ள இத எடுத்துருங்கோ" என்றார் ஓவர்சியர்.

"எடுக்கணும்னா பறக்கணும். பறக்கணும்னா நான் முழுக்கச் சோதிச்சு, பழுது பாத்து, கையெழுத்துப் போடணும்" என்றார் யேசுதாசன்.

"கையெழுத்துதானே?" கோலப்பன் பிள்ளை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "பேனா இருக்கா வே? இல்லாட்டா எங்கிட்ட இருக்கு."

"அண்ணாச்சி, வால் சக்கரம் மெட்ராஸ்ல இருந்து வரணும்."

"எதுல வரும்?"

"திருநெல்வேலி வரைக்கும் ரயில்ல. அங்கேருந்து லாரியில."

கோலப்பன் பிள்ளை விமானத்தை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார். "இதுக்கு வேண்டிய சாமான் லாரியிலதான் வரணும், என்ன?" என்று கேட்டுவிட்டுக் கரையேறிப் போனார்.

தினமும் காலையில் யேசுதாசன் நாகர்கோவிலிலிருந்து சைக்கிளில் வந்துவிடுவார். இடது எஞ்சினுக்குப் புது ஹோஸ் மாட்டினார்கள். கிழிந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு அடித்தார்கள். இடது எஞ்சின் எண்ணெய் இல்லாமல் எவ்வளவு நேரம் ஓடியதோ தெரியாது. அடித்தொட்டியைக் கழற்றி, உலோகத் தூள் ஏதாவது கிடக்கிறதா என்று வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தார்கள். இல்லை. வேலை நடக்கும் நேரமெல்லாம் நாகம்மை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தோட்டம் போன பிறகு அவளுக்கும் பகலில் வேறு வேலை இல்லை.

நாலாவது நாள் அவள் கேட்டாள். "ஒரு காரியம் கேக்கேன், கோவப்படக் கூடாது. நீரு பாத்து ஒப்பு போட்டாத்தான் இது பறக்கும், இல்லியா?"

"ஆமா."

"அப்பம் இங்கின வந்து விழுகதுக்கு முன்ன ஒப்பு போட்டது ஆரு?"

ஓவர்சியரோ, கோலப்பன் பிள்ளையோ, வேடிக்கை பார்க்க வந்த ஆயிரம் பேரோ, பத்திரிகைக்காரரோ, ஒருவரும் இதைக் கேட்கவில்லை. மரியஜான் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"நான்தான்" என்றார் யேசுதாசன்.

"பாக்காமலா?"

"பாக்காமத்தான்."

நாகம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருப்பீரு. இந்தத் தடவை பாத்துப் போடும்" என்றாள். அதற்குப் பிறகு அவர் எதைத் திருகினாலும் எட்டி வந்து பார்த்தாள். "அது என்ன? அது இளகினா என்ன ஆவும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லச் சொல்ல யேசுதாசனுக்கு வேலை ஒழுங்காக ஓடியது.

இதற்கிடையே ஊர் வாசகசாலையில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். ஆகாய விமானத்துக்கே வைத்தியம் பார்க்கும் ஆள் நம் தாலுக்காவில் பிறந்தவர் என்று துண்டுப் பிரசுரம் போட்டிருந்தார்கள். வர முடியாது என்று அவர் சொன்னதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு, நாலு பேர் சைக்கிளோடு சேர்த்துப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கோலப்பன் பிள்ளை தலைமை தாங்கினார்.

"பிழை எங்க இருந்தாலும் இவரு கண்ணுல இருந்து தப்பாது. பாக்காம ஒரு எழுத்து எழுத மாட்டாரு. அதனாலதான் பதினோரு உயிரும் இண்ணைக்கு இருக்கு" என்று அவர் பேசியபோது கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

யேசுதாசன் எழுந்தார். சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துத்தான் எழுந்தார்.

"இந்த விமானம் இங்க இறங்கினதுக்குக் காரணம் நான்."

கைதட்டினார்கள்.

"நான் சொல்லுகது உங்களுக்குப் புரியல்ல. தப்பு என்னோடது. என்னைப் பாராட்டக் கூடாது."

"பாத்தியளா அடக்கத்த!" என்று கோலப்பன் பிள்ளை தழுதழுத்த குரலில் சொல்லி, மேஜைமேல் மிச்சமிருந்த இன்னொரு மாலையையும் எடுத்து அவர் கழுத்தில் போட்டார். யேசுதாசன் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருந்தால் மூன்றாவது மாலைக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள்.

வீட்டில் லீலாபாய் மாலைகளை வாங்கி ஆணியில் மாட்டினாள். எலிசா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

"டில்லிக்கு எப்பம் எழுதப் போறிய?" என்று கேட்டாள் லீலாபாய். நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"எழுதினா லைசென்ஸை நிறுத்தி வச்சிருவாங்க. லைசென்ஸ் இல்லாட்டா இந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட ஆளில்ல. இன்னொரு எஞ்சினியர் இப்பம் மெட்ராஸ்ல டைபாய்டுல கெடக்கான். வெள்ளம் வந்திரும்."

"அப்பம் பறவைன்னு எழுதிருங்க."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். லீலாபாய் சிரிக்கவில்லை.

"எழுத மாட்டிய, எனக்குத் தெரியும். எழுதாம இருக்கதுக்கு விமானத்தையும் வெள்ளத்தையும் காரணம் சொல்லாதீங்க, அவ்வளவுதான். இங்கேருந்து டில்லிக்குக் கடிதாசி போக அஞ்சு நாளாவது ஆகும். அங்க நாலு மேஜை ஏறி இறங்கி உத்தரவு இங்க வர எத்தனை நாள் ஆகும்? அது வரைக்கும் உங்க கையெழுத்து செல்லும்லா?"

செல்லும். உத்தரவு கையில் கிடைக்கும் வரை லைசென்ஸ் உயிரோடிருக்கும். இத்தனை வருஷ சர்வீஸில் அவருக்குத் தோன்றாத வழி. மறுநாள் காலையில் அவர் ஹோஸின் வருஷம், தாம் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட தேதி, ஸ்டோரில் நடந்தது எல்லாவற்றையும் நாலு பக்கத்தில் எழுதித் தபாலில் சேர்த்தார். மரியஜான் பேரில் குற்றம் சொல்லவில்லை.

அன்று குளத்துக்கு வந்த நம்பியாரிடமும் சொன்னார். நம்பியார் நாகர்கோவில் ஹோட்டலில் தங்கி, விமானம் தயாராகும் நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் அவர் முகம் சிவந்துபோயிற்று. பத்து வருஷப் பழக்கம். குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"இந்த முறையும் நீதான் ஒப்பிடுவது?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஆமா."

"செரி. ஒப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து இருக்கணும். நான் பறத்துகிற இடத்துக்கு நீயும் வா."

"வரச் சொல்லாட்டாலும் வருவேன்" என்றார் யேசுதாசன்.

ஜூன் ஒன்றாம் தேதி சொன்னபடி அணை திறந்தது. சாமான் லாரி திருநெல்வேலியிலிருந்து கிளம்பி, பணகுடிக்குப் பக்கத்தில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. அதைப் பழுதுபார்த்துக் கொண்டுவர ஒன்றரை நாள். வால் சக்கரம் நெடுங்குளத்துக்கு வந்தது மூன்றாம் தேதி காலையில். தண்ணீர் வந்ததும் அதே காலையில்தான்.

கால்வாயில் வெள்ளம் வருகிறது என்று ஆள் ஓடி வந்து சொன்னதும், முப்பது நாளாக வானத்தையும் கால்வாயையும் பார்த்துக்கொண்டிருந்த கோலப்பன் பிள்ளையும் ஐம்பது விவசாயிகளும் மண்வெட்டியோடு ஓடினார்கள். தண்ணீரைத் தடுக்கத்தான். கால்வாய் வாயில் தென்னந்தடி போட்டு, மண்ணடித்து, வாழைச் சருகு திணித்து மறித்தார்கள். கால்வாயை மறிப்பது குற்றம் என்று ஓவர்சியர் தாணுமாலயன் கரையில் நின்று உரக்கச் சட்டத்தை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "அந்த மூலையில ஒழுகுது பாருங்க" என்றார்.

பன்னிரண்டு மணிக்குச் சக்கரம் மாட்டியாயிற்று. எஞ்சின்களை ஓட்டிப் பார்த்தாயிற்று. குளத்தின் மேல்கோடியில் மண் கறுக்க ஆரம்பித்திருந்தது. நம்பியார் தொப்பியைப் போட்டுக்கொண்டார். யேசுதாசன் லாக் புத்தகத்தை விரிக்கவில்லை. வால் பக்கம் போய், சுக்கானை இழுக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

"வே, ஒப்பப் போடும் வே! மறிப்பு நிக்காது!" என்று கால்வாய்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பாராட்டுக் கூட்டத்தில் முன் வரிசையில் இருந்தவர்கள் இப்போது அவரைத் திட்டினார்கள். அவருடைய அம்மா அப்பாவையும் சேர்த்துத் திட்டினார்கள். ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. நாகம்மை மட்டும், "நீரு பாரும். அவனுவ கெடக்கானுவ" என்றாள்.

ஒன்றே முக்காலுக்கு, ஒரு கம்பி கப்பியிலிருந்து விலகி ஒரு தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டிருந்ததைக் கண்டார். இறங்கின அதிர்ச்சியில் விலகியிருக்க வேண்டும். ஏழு இழை அறுந்திருந்தது. மரியஜான் புதுக் கம்பி மாற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. நம்பியார் அறுந்த கம்பியை வாங்கி விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கடைசியில் யேசுதாசன் புத்தகத்தைப் பெட்டிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஏறி, நம்பியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விமானம் பாதிக் குளம் ஓடுவதற்குள் மறிப்பு உடைந்தது. பின்னால் தண்ணீர் பரந்து வர, முன்னால் விமானம் தரையை விட்டது. கரையில் நின்றவர்களுக்கு எதைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கத்தினார்கள். கோலப்பன் பிள்ளை தண்ணீரைப் பார்த்துக் கத்தினார்.

அரை மணி நேரத்தில் திருவனந்தபுரம். இறங்கியதும் நம்பியார் கை நீட்டவில்லை. ஆனால் கிளம்பும்போது, "நாளைக்கு மதுரை விமானம் எட்டு மணிக்கு. வந்து பார்" என்றார். யேசுதாசனுக்கு அது போதுமாயிருந்தது.

ஜூலையில் டில்லி உத்தரவு வந்தது. ஆறு மாதம் லைசென்ஸ் நிறுத்தம். முதலாளி சம்பளத்தையும் நிறுத்தினார். யேசுதாசன் நாகர்கோவில் வந்தார். விமானமே பழுதுபார்த்தவர் என்று வடசேரியில் ஒரு பஸ் முதலாளி கூப்பிட்டு ஷெட்டில் மேஸ்திரியாக வைத்துக்கொண்டார். முதல் நாள் அவர் பிரேக் சரியில்லை என்று மூன்று பஸ்ஸை நிறுத்தினார். இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள் அந்த முதலாளியிடம் ஓடுகிற பஸ்ஸே இல்லை. நாலாம் நாள் யேசுதாசனுக்கு வேலை இல்லை.

லைசென்ஸ் போன செய்தி நெடுங்குளத்துக்கு எட்டியதும் ஊர் கொதித்தது. விமானத்தைக் காப்பாற்றியவனுக்கா தண்டனை? கோலப்பன் பிள்ளை டில்லிக்கு மனு எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தவர்கள் நாலு பேர் இருக்கலாம். நாகம்மையிடமும் மைப் பெட்டியைக் கொண்டுபோய் விரல் நாட்டச் சொன்னார்கள். "என்ன எழுதியிருக்கு, வாசியும்" என்றாள். "'ஒரு குற்றமும் செய்யாத' என்று இருக்கு" என்றார்கள். "அவரு செய்தேன்னு எங்கிட்டச் சொன்னாரே. நான் எப்படி இல்லேன்னு நாட்டுகது?" என்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மனு டில்லிக்குப் போய்ச் சேர்ந்தது. குற்றத்தைத் தாமே எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட பிறகு, குற்றமே செய்யவில்லை என்று ஆட்களைத் தூண்டி மனுப் போடச் செய்தது ஏன் என்று யேசுதாசனுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவருடைய விளக்கம் போய், அது பரிசீலிக்கப்பட்டு முடிகிற வரை நிறுத்தம் இன்னும் ஒரு மாதம் நீண்டது. "உமக்காகத்தான் வே செஞ்சோம்" என்றார் கோலப்பன் பிள்ளை. "தெரியும் அண்ணாச்சி" என்றார் யேசுதாசன்.

பிப்ரவரியில் அவர் திரும்ப வேலைக்குப் போனபோது கம்பெனியில் ஒரு புது ஏற்பாடு இருந்தது. இனி இதுபோல் நடக்காமலிருக்க முதலாளியே யோசித்துக் கண்டுபிடித்தது. வேலை செய்த மெக்கானிக்கும் புத்தகத்தில் கையெழுத்துப் போடவேண்டும், எஞ்சினியரும் போடவேண்டும். அதற்காக மரியஜான் ஒரு வாரம் இங்கிலீஷில் பெயரெழுதிப் பழகியிருந்தார்.

முதலாளி விமானத்தடிக்கே வந்து, சந்தோஷமாக யேசுதாசனின் தோளைத் தட்டினார். "இப்ப ரெண்டு ஒப்பு. மரியஜான் போட்டிருக்காரா என்று பார்த்தால் போதும், நீர் ஏணியில் ஏறி நேரத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. எட்டு மணி விமானம் எட்டு மணிக்குக் கிளம்பலாம்."

"எனக்கும் அதுதான் சார்" என்றார் மரியஜான், யேசுதாசனிடம் தாழ்ந்த குரலில். "பொறவு பெரிய சார் பாப்பாருல்லா, நாம பாக்காமப் போட்டா என்னன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு."

யேசுதாசன் புத்தகத்தைப் பார்த்தார். மரியஜானின் கையெழுத்து அழகாக, முத்து முத்தாக இருந்தது. அவர் புத்தகத்தை மூடி முதலாளியின் கையிலேயே கொடுத்துவிட்டு, ஏணியை இடது எஞ்சினுக்கு நகர்த்தினார். மரியஜான் கீழே பிடித்துக்கொண்டார்.

அன்றைய எட்டு மணி விமானம் எட்டு நாற்பதுக்குக் கிளம்பியது.